வாசலில் மூன்று கேள்விகள்

அந்த வார்டில் தாய்மார்களுக்குப் பெயர் கிடையாது. இருக்கும், பதிவேட்டில் இருக்கும். ஆனால் தாய்மார் தங்கும் கூடத்தில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது பிள்ளை பிறந்தபோது இருந்த எடையை வைத்துத்தான். ஆயிரத்து நூறு குளிக்கப் போயிருக்கிறாள், ஆயிரத்து அறுநூறு நாளைக்கு வீட்டுக்குப் போகிறாளாம் என்று பேச்சு ஓடும். பிள்ளை வளர்ந்து இரண்டு கிலோவைத் தொட்டாலும் தாயின் எண் மாறாது. இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று கேட்டால், நான் வருவதற்கு முன்னாடியே இருந்தது என்பார்கள். அங்கே இரண்டு மாதத்துக்கு மேல் யாரும் தங்கியதில்லை என்பதால் அதைச் சரிபார்க்க வழியில்லை.

நம்மவள் தொள்ளாயிரம். சரியாகச் சொன்னால் தொள்ளாயிரத்து நாற்பது. அந்த நாற்பதைச் சேர்த்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அவளுக்கு மட்டும் அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

"நாப்பது கிராம்னா சும்மாவாக்கா? பொறந்த வாரத்துல அந்த நாப்பதும் எறங்கிப்போச்சு. அதைத் திரும்ப ஏத்த பதிமூணு நாள் ஆச்சு" என்று பக்கத்துக் கட்டில் இரட்டையம்மாவிடம் சொல்வாள்.

"சரிடி, தொள்ளாயிரத்து நாப்பது. தண்ணி பாட்டிலை எடு" என்பாள் இரட்டையம்மா. இரண்டு பிள்ளைகளின் எடையைச் சேர்த்துச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று அவளை மட்டும் இரட்டையம்மா என்றே விட்டுவிட்டார்கள்.

தொள்ளாயிரம் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பவள். ஏழாம் மாதம் முடியாத ஒரு பகலில், மிஷினில் உட்கார்ந்திருந்தபடியே பனிக்குடம் உடைந்தது. மடியில் இருந்த காலர்க் கட்டை நனையாமல் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். பொண்ணு பிறந்து முப்பத்து மூன்று நாள் ஆகிறது. எடை ஆயிரத்து நானூற்றுப் பத்து. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர், தலையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு குல்லா. இருப்பது கண்ணாடிப் பெட்டியில்.

அவளுக்கு அம்மா இல்லை. புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போனால் வரும் ஓர் இடத்தில் பாலம் கட்டுகிறார்கள், அங்கே இருக்கிறான். இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். உள்ளே வந்து ஒரு விரலால் தொடுங்களேன் என்றதற்கு, "வேணாம். என் கை கிரீஸ் கை" என்றான். மற்றவர்களுக்குச் சாயங்காலமானால் யாராவது வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் தொள்ளாயிரம் துணி துவைக்கப் போய்விடுவாள். துவைக்கத் துணி இல்லாவிட்டாலும் போவாள்.

அவளுடைய நாளில் இரண்டே இரண்டு நேரம்தான் நாள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொள்ள விடுவார்கள். கங்காரு நாற்காலி என்று சாய்ந்த நாற்காலி ஒன்று உண்டு. அதில் மேலாடையைத் திறந்து படுத்தாற்போல உட்கார, நர்ஸ் பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரு மார்புக்கும் நடுவே தவளைக்குட்டி மாதிரி ஒட்டவைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டுவாள். அவ்வளவுதான். மீதி இருபது மணி நேரமும் பாலைப் பிழிவது, பாட்டிலில் பெயர் ஒட்டுவது, கை கழுவுவது, அந்த நாலு மணி நேரத்துக்குக் காத்திருப்பது.

உள்ளே போகும் வாசலில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பெரிய சிஸ்டர். ஆள் என்னவோ ஐந்தடிக்கும் குறைவு. பெரிய என்பது பதவிக்கு. நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்துக்கொண்டு தினமும் மூன்று கேள்வி கேட்பாள்.

"காய்ச்சல் இருக்கா? சளி இருமல்? வயித்தால போச்சா?"

"இல்ல, இல்ல, இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எல்லாரும் கை கழுவப் போய்விடுவார்கள். ஒரு நாள் கேள்வி கேட்பதற்கு முன்னாடியே மூன்று இல்லையையும் சொல்லிவிட்டு ஆயிரத்து நூறு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, எச்சில் விழுங்கும்போது தொள்ளாயிரத்துக்குத் தொண்டையில் ஏதோ குத்தியது. மத்தியானம் உடம்பு வலித்தது. சாயங்காலம் பிள்ளையை வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

இந்த இடத்தில் அவளுடைய கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கேயும் காலையில் கேட்டில் நெற்றியைப் பார்ப்பார்கள். காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் வந்தால் அவள் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், இவள் நூல் வெட்டப் போகவேண்டும். பத்து வருஷம் பழகிய மிஷினைக் காய்ச்சலுக்காக யார் விடுவார்கள்? அதனால் அந்த லைனில் இருக்கிற அத்தனை பேர் பையிலும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். கேட்டுக்கு வருவதற்கு அரை மணி முன்னால் போட்டுக்கொண்டால் நெற்றி குளிர்ந்துவிடும். அதை ஒரு பொய் என்று அவர்களில் யாரும் நினைத்ததே இல்லை. வேலைக்குப் புறப்படும்போது தலை வாரிக்கொள்வது மாதிரி, அதுவும் ஒரு காரியம்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு மாத்திரை. ஏழரைக்கு வாசல்.

"காய்ச்சல்?"

"இல்ல, இல்ல, இல்ல."

பெரிய சிஸ்டர் கருவியைப் பார்த்தாள். தலையாட்டினாள். தொள்ளாயிரம் முகக்கவசத்தை இரண்டாகப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

அன்றைக்குப் பிள்ளை நன்றாக இருந்தது. கை ஒன்று துணிக்கு வெளியே வந்து அவள் தோள் எலும்பைப் பிடித்துக்கொண்டது. பிடி என்றால் பெரிய பிடி இல்லை, அரிசி மணி அளவு நகங்கள் படுகிற பிடி. தும்மல் வந்தபோது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மூச்சை அடக்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை விழுங்கினாள். வீட்டில் யாரும் இல்லை, பார்க்க யாரும் வருவதில்லை, இவளையும் விட்டால் நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஒரு வாரம் வெளியே நில் என்று சொன்னால் தன்னால் முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. புதன்கிழமையும் மாத்திரை போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பெரிய சிஸ்டர் வாசலில் இல்லை. வேறு ஒரு நர்ஸ் எழுந்து வந்து, "இன்னிக்கு நெஞ்சுல வைக்க முடியாதும்மா. கொஞ்சம் வெளியவே இருங்க" என்றாள்.

"ஏன் சிஸ்டர்?"

"டாக்டர் வந்து சொல்வாங்க."

நடையில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியாகப் பார்த்தாள். தன் பெட்டியைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள். இடையில் ஒரு இடுக்கு. அதில் பிள்ளையின் கால் தெரிந்தது. சாம்பல் நிறத்தில் இருந்தது. மெஷின் கத்தியது, யாரோ பாதத்தை விரலால் சுண்டினார்கள், கத்தல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தியது.

சின்ன டாக்டரம்மா வெளியே வந்தாள். தூங்காத முகம்.

"மூச்சு விடறதை நடுவுல நடுவுல நிறுத்திடறா. காலையிலேருந்து ஒம்போது தடவை. குடுத்த பால் செரிக்கல. ஏதோ கிருமி உள்ள போயிருக்கு."

"எப்படி மேடம்?"

"அதைத்தான் தேடறோம். ரத்தம் எடுத்தாச்சு. முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

போட்டாள். காலர் வைக்கிற கை, கோணாது. அன்றைக்குக் கோணியது.

நடையின் கோடியில் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது காற்றுச் சத்தம்.

"என்ன இந்த நேரத்துல?"

"வேலையா இருக்கீங்களா?"

"மேல இருக்கேன். சொல்லு."

"பாப்பாவுக்கு முடியல."

அவன் கிரேனை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்னவாம்?"

"மூச்சு விட மறந்து மறந்து போறா. கிருமி பூந்திருக்காம்."

"எப்படிப் பூரும்? அங்கதான் கையைக் கழுவிக் கழுவித் தோலே உரிஞ்சுபோச்சுன்னு சொன்னியே."

"தெரியல."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டியா?"

"தேடிக்கிட்டு இருக்காங்க."

"சரி. எறங்கறேன். சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு, மாத்து ஆளு வந்ததும் பஸ் ஏறறேன். நீ தைரியமா இரு."

அவன் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். தெரியல என்று சொன்ன வாய் கசந்தது. வாசலில் சொன்ன இல்லைகள் கம்பெனிப் பழக்கம். இது அப்படி இல்லை, இது புருஷனிடம் தெரிந்தே சொன்ன பொய். உள்ளே தன் பிள்ளையின் முதுகில் ஊசி இறக்கி ஒரு விஷயத்தைத் தேடப்போகிறார்கள். அந்த விஷயம் இங்கே நடையில், இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அவள் வாசலுக்குப் போனாள். பெரிய சிஸ்டர் ஏதோ எடுக்க வெளியே வந்திருந்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்."

"சீக்கிரம் சொல்லு."

"எங்கேருந்துன்னு தேட வேண்டாம். என்கிட்டேருந்துதான்."

பெரிய சிஸ்டர் நின்றாள்.

"என்ன இருக்கு உனக்கு?"

"காய்ச்சல். தொண்டை வலி. தும்மல்."

"என்னிக்கிலேருந்து?"

"திங்கக்கெழமை."

"நேத்து நான்தானே பாத்தேன். நெத்தி சுடலையே."

"மாத்திரை போட்டுக்கிட்டு வந்தேன். அரை மணி முன்னாடி."

"அது யார் சொல்லிக்குடுத்தா உனக்கு?"

"யாரும் சொல்லல. எங்க கம்பெனியில எல்லாரும் அப்படித்தான்."

"இது கம்பெனி இல்லம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா உள்ள விட மாட்டீங்க."

"ஆமா. விட மாட்டேன்."

"அதான் சொல்லல."

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். "அங்கேயே நில்லு. எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். அந்த வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முதுகு ஊசியை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளையின் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள், தொள்ளாயிரத்தின் மூக்கிலும் எடுத்தார்கள். பெட்டியை மூலையில் இருந்த தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வார்டில் இருந்த மற்ற ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். ஆறு தாய்மாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். யாரால் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தொள்ளாயிரம் தன் சாமான்களை எடுக்கக் கூடத்துக்கு வந்தாள். அவள் கட்டிலை விட்டு மற்றக் கட்டில்கள் நகர்ந்திருந்தன. இரட்டையம்மா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அக்கா."

"என் ரெண்டு பேருக்கும் நடுவுலதான் உன் பெட்டி இருந்துச்சு" என்றாள் இரட்டையம்மா, துணியைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்க்கா."

"இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு."

"நான் வேணும்னு செய்யலக்கா."

"நேத்து என் டம்ளர்லதானே டீ குடிச்ச. எனக்கு வந்து, நான் உள்ள போயி, அதுங்களுக்கு வந்தா யாருடி பொறுப்பு? உனக்குப் பக்கத்துல படுத்து முப்பது நாள் பேசியிருக்கேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீங்க சிஸ்டர்கிட்ட சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன். அதுக்குத்தான் கேக்கறேன்."

தொள்ளாயிரம் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளுக்குக் கிடைத்தது சலவைத் துணி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு குழாய், ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே சுவர். மழை பெய்கிறதா என்று சுவர் நனைந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கதவு சாத்தியே இருந்தது. ரொட்டியும் சூப்பும் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். திறப்பதற்குள் ஆள் போயிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சின்ன டாக்டரம்மா கதவுக்கு வெளியே நின்று பேசினாள்.

"ரெண்டு பேர் மூக்குலயும் ஒரே கிருமி. உங்களுக்கு அது ஜலதோஷம். அவளுக்கு மூச்சே நின்னுபோகுது."

"பொழச்சிடுவாளா மேடம்?"

"மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கோம். ரெண்டு நாள் போகணும். எதுன்னு தெரிஞ்சதால முதுகு ஊசி போடாம விட்டோம், தேவையில்லாத மருந்தையும் நிறுத்தப் போறோம். நேத்து காலையில நீங்க சொல்லலைன்னா இன்னிக்கும் தேடிக்கிட்டுத்தான் இருப்போம்." கையில் இருந்த சீட்டை மடித்துக்கொண்டே, "திங்கக்கெழமை சொல்லியிருந்தா தேடவே வேண்டி இருந்திருக்காது" என்றாள்.

"பால் எடுக்கலாமா? இல்ல, அதுலயும்…"

"எடுங்க. கையைக் கழுவிட்டு, முகத்தை மூடிக்கிட்டு எடுங்க. இந்தக் கிருமிக்கு எதிர்ப்பு இப்ப உங்க பால்லதான் இருக்கு. நிறுத்திடாதீங்க."

பெற்றவளின் மூச்சு ஆகாது, பால் ஆகும். தொள்ளாயிரம் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பிழிந்தாள். சந்தோஷமாக இருந்தபோது அறுபது மில்லி வரும். இப்போது முப்பத்தைந்து வந்தது. பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருப்பாள். நர்ஸ் உறை போட்ட கையால் எடுப்பது கதவு இடுக்கில் தெரியும். அந்த நேரத்தில்தான் ஒரு மனிதக் கையைப் பார்த்தாள். இந்த உலகத்தில் தன்னைத் தவிர எல்லாரும் எங்கேயோ ஒன்றாகக் கூடி இருக்கிறார்கள் என்றும், கதவைச் சாத்தியது தானேதான் என்றும் நினைத்து நினைத்து அழுதாள். அழுதால் பால் குறையும் என்று பயந்து நிறுத்தினாள்.

அன்று மாலை புருஷன் வந்தான். கதவைத் திறந்து வைத்து அவள் உள்ளே தரையில் உட்கார, அவன் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். நடுவில் ஆறடி. பெரிய சிஸ்டர் காலால் அளந்து காட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். முகத்துல பாதி மெஷின்தான் இருக்கு."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. கிருமி எங்கேருந்துன்னு கேட்டீங்களே."

சொன்னாள். திங்கட்கிழமை, மாத்திரை, இரண்டு கவசம், எல்லாம். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். பேச்சு முடிந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போன மழைக்காலத்துல எனக்குக் கண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"செவந்து போயி இருந்துச்சு."

"செவந்தது மட்டுமில்ல. ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. அதோட ஒம்போது நாள் மேல ஏறினேன். கீழ பன்னெண்டு பேர் நின்னாங்க. சொன்னா எறக்கி விட்டிருவான்னு சொல்லல."

"என்கிட்டகூடச் சொல்லல."

"சொல்லல."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல." தரையைப் பார்த்தான். "ஆகியிருந்தா?"

"என்னைத் திட்டுங்க. யாருமே திட்ட மாட்டேங்கறாங்க."

"திட்டி என்ன பண்றது. சாப்பிட்டியா?"

அதற்குத்தான் அவள் சத்தமாக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுத்துவிட்டு மறுபடி சின்னக் குழாய்க்கு மாற்றினார்கள். கிருமி மற்ற பிள்ளைகள் யாரையும் தொடவில்லை என்பதும் அன்றைக்கு உறுதியானது. பெரிய சிஸ்டர் நடையில் நின்று கிரேன்காரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"சோப்பு வாசம், பவுடர் வாசம், பீடி, சிகரெட் எதுவும் கூடாது."

"பழக்கம் இல்ல சிஸ்டர். எதுக்குக் கேக்கறீங்க?"

"சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க. பொண்ணை நெஞ்சுல வைக்கணும்."

"நானா?"

"அவங்கம்மா வரக்கூடாது. பெட்டிச் சூடு மட்டும் போதாது. வேற யாரு இருக்கா உங்களுக்கு?"

"இல்ல சிஸ்டர், நான் பத்து டன்னுக்குக் கொறைஞ்சு எதையும் தூக்கினதில்ல."

"இது ஒண்ணே கால் கிலோ. எளைச்சுப் போயிருக்கா. உங்களால முடியும், வாங்க."

கதவு இடுக்கில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த தொள்ளாயிரத்துக்கு ஆறு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு, ஒண்ணே கால் கிலோ என்பது காதில் விழுந்தது. நூற்று அறுபது கிராம் போயிருக்கிறது. முழுசாக ஒரு வாரத்துப் பால்.

அவன் வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருந்தா?"

"தூங்கினா."

"அப்புறம்?"

"அப்புறமும் தூங்கினா."

"ரெண்டு மணி நேரம் இருந்திருக்கீங்க. கண்ணைத் தொறக்கவே இல்லையா?"

"ஒரு தடவை தொறந்தா."

"எந்தப் பக்கம் பாத்தா?"

"என் பக்கந்தான்."

"அழுதாளா?"

"எதுக்கு அழணும்? நல்லாத்தான் இருந்தா." யோசித்துவிட்டு, "காதுல முடி இருக்கு அவளுக்கு. உனக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியும். பிறந்த நாளிலிருந்து தெரியும். அதைத் தனக்கே புதிதாகச் சொல்கிறானே என்று அவளுக்குச் சுருக்கென்றது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதில் ஒரு நிம்மதி, தான் இல்லாமல் நன்றாக இருக்கிறாள் என்பதில் ஒரு வலி. இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தன. அவள் ஒளிக்கவில்லை. "எனக்குப் பொறாமையா இருக்குங்க" என்றாள்.

"சும்மா இரு. மூணு நாள்ல நீதான் வைக்கப்போற. எனக்குப் புதன்கிழமை வரைதான் லீவு."

செவ்வாய்க்கிழமை இரட்டையம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு பிள்ளைகளும் தப்பிவிட்டன, எடை ஏறிவிட்டது. சுற்றத்தார் நடை முழுக்கச் செருப்புச் சத்தத்தோடு வந்தார்கள். தொள்ளாயிரம் கதவுப் பக்கம் நின்றாள். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்றாக இரட்டையம்மா கடந்து போனாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததில் தப்பில்லை என்று தொள்ளாயிரம் தனக்கே சொல்லிக்கொண்டாள். முப்பது நாள் பேசியவள், எண்ணைத் தவிரப் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். இவளும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவள் உள்ளே போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். முழுசாக இரண்டு நாள் காய்ச்சலும் சளியும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. காலையில் குளித்து, தலையை இறுக்கிப் பின்னி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புருஷன் பையைக் கட்டி வைத்திருந்தான். பத்து மணிக்கு அவன் பஸ். உள்ளே போட்டுக்கொள்ள வார்டில் கொடுத்த மேலாடை மடித்து அவள் கையில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கங்காரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள்.

பெரிய சிஸ்டர் கருவியை நெற்றிக்கு நேரே பிடித்தாள். பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள். பிறகு, இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"காய்ச்சல்?"

தொள்ளாயிரம் வாயைத் திறந்தாள். ஒரு இல்லை போதும். அந்த அறையில் அவளோடு யாரும் இருக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. நெற்றி சரியாகத்தான் இருக்கிறது. அவன் பத்து மணிக்குப் போய்விடுவான். இவளும் போகாவிட்டால் பிள்ளையை நெஞ்சில் வைக்க ஆளே இல்லை. இதெல்லாம் உண்மை. கையில் இருந்த மேலாடையைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் ஒடம்பு சுட்டுச்சு சிஸ்டர். அப்புறம் வேர்த்து எறங்கிடுச்சு."

"மாத்திரை?"

"போடல."

"சளி?"

"மூக்கு இன்னும் ஒழுகுது. காலையிலகூட."

பெரிய சிஸ்டர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. கையை நீட்டினாள். தொள்ளாயிரம் மேலாடையைக் கொடுத்தாள்.

"அப்ப வெள்ளிக்கெழமை பாக்கலாம்" என்றாள் பெரிய சிஸ்டர். மேலாடையை மேஜைமேல் வைத்து, மடிப்பைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் மடிந்திருந்தது.

தொள்ளாயிரம் திரும்பி நடந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால், நீங்க ஏன் போறீங்க என்று கேட்டுவிடுவோம் என்று பயமாக இருந்தது. கேட்கக்கூடாது, அவன் கிரேனில் வேறு ஆள் ஏறிவிடுவான். பாதி நடை போனபோது பின்னால் அவன் குரல் கேட்டது. போனில் பேசுகிறான்.

"ஆமா சார், நான்தான். இன்னிக்குக் கெளம்ப முடியாது சார். காய்ச்சல். வீட்லேருந்து ஒட்டிக்கிச்சு. இல்ல சார், நிக்கவே முடியல. இன்னும் மூணு நாலு நாள் ஆகும் போல. சரி சார், மாத்து ஆளையே ஏத்துங்க. பரவால்ல சார்."

அவள் நின்றாள். மேஜைக்குப் பின்னாலிருந்து பெரிய சிஸ்டர் எழுந்தாள்.

"உங்களுக்குக் காய்ச்சலா?"

"இல்ல சிஸ்டர்."

"இப்ப சொன்னீங்களே."

"அது எங்க சூப்பர்வைசருக்குச் சொன்னது."

பெரிய சிஸ்டர் நம்பவில்லை. நெற்றியில் வைத்துப் பார்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள், வேறொரு கருவியைக் கொண்டுவரச் சொல்லி அதையும் வைத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டைக்குள் டார்ச் அடித்தாள். மூன்று கேள்வியையும் இரண்டு தடவை கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நல்லாச் சேந்தீங்க" என்றாள்.

"நாங்க வெளியதான் சிஸ்டர் அப்படி. இனிமே இங்க பொய் சொல்ல மாட்டோம்."

பெரிய சிஸ்டர் மேஜைமேல் இருந்த மேலாடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "போய்க் கையைக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்" என்றாள்.

அவன் பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான். கதவு தானாக மூடிக்கொண்டது.

தொள்ளாயிரம் கண்ணாடிச் சன்னலுக்கு வந்தாள். நாற்காலியின் முதுகுதான் இந்தப் பக்கம் இருந்தது. அவன் உட்கார்ந்ததும் அவனும் மறைந்துபோனான், உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நர்ஸ் குனிந்து எதையோ வைத்தாள், துணியைச் சுற்றினாள், நகர்ந்து போனாள். நடையில் வேறு யாரும் இல்லை. அந்த உச்சந்தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.